மூன்றாவது குவாட்டர்பாக்

என் தங்கச்சி மகன் ஜெஸ்ரின் எனக்குத் தரவேண்டியிருந்தது ஏழாயிரத்து இருநூற்று நாற்பது பவுண். கனடாவில் பிறந்து, கனடாவிலேயே சம்பளத்துக்குப் பந்து விளையாடுகிற பெடியன், லண்டனில் கொங்கிறீற் உடைக்கிற மாமனிடம் எப்படிக் கடன்பட்டான் என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் அந்த விளையாட்டைச் சொல்லவேண்டும். எனக்கும் அது முழுக்கப் பிடிபடாது. பிடிபட்டதைச் சொல்கிறேன்.

பெயர் ஃபுட்போல். ஆனால் காலால் உதைக்கிறவன் ஒருவன்தான், அவனும் எப்போதாவதுதான் உள்ளே வருவான். மற்றதெல்லாம் கை. பந்து நீளமாக, இரண்டு பக்கமும் கூராக இருக்கும். ஒரு அணிக்குப் பன்னிரண்டு பேர். அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, அங்கே பதினொரு பேர். பத்து யார் தூரம் முன்னேறுவதற்கு அமெரிக்காவில் நாலு தரம் விடுவார்கள். கனடாவில் மூன்று தரம்தான். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, பந்தைக் கையில் வாங்கி, ஓடிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு எறிகிறவனைக் குவாட்டர்பாக் என்பார்கள். ஜெஸ்ரின் அதுதான். பந்து தன் கையில் மூன்று செக்கன்தான் இருக்கும் என்றும், அதற்குள் எறியாவிட்டால் எருமை மாதிரி நாலு பேர் மேலே விழுவார்கள் என்றும் ஒருநாள் சொன்னான்.

கனடா அணிகள் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் அமெரிக்கப் பெடியன்களைத்தான் கூட்டிவருமாம். ஸ்காபரோவில் வளர்ந்த தமிழ்ப் பெடியன் வந்து நின்றால் கோச்மார் பெயரை இரண்டு தரம் கேட்டுவிட்டு, வேறு இடத்தில் விளையாடுவாயா என்று கேட்பார்களாம். இவன் மாட்டேன் என்று நின்றான். யூனிவர்சிற்றியில் நாலு வருடம் எறிந்தான். முடிந்ததும், ஒரு குளிர்காலம் அமெரிக்காவில் தனிக் கோச் ஒருவரிடம் போய் எறிகையைத் திருத்தி வந்தால்தான் சம்பள அணிகள் பார்க்கும் என்று ஆரோ சொன்னார்கள். என் தங்கச்சி பெனிற்றா போன் எடுத்தாள். அவள் காசு கேட்கவில்லை. செலவு எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டு, உங்களுக்கு அங்கே குளிரா என்று கேட்டாள்.

நான் அப்போது சற்குணத்தாரின் சீட்டில் இருந்தேன். சற்குணத்தாருக்கு இல்ஃபோர்ட்டில் கடை. முப்பத்தாறு பேர், மாதம் இருநூற்றைம்பது, மூன்று வருடம். கடைசியில் எடுத்தால் முழுக்காசு வரும். முதலில் எடுக்கிறவன் ஒரு பெரிய தொகையைக் கழிவாக விட்டுக்கொடுத்து எடுக்கவேண்டும், ஆள்பிணையும் வேண்டும். எனக்கு அவர் பிணை கேட்கவில்லை. மருமகன் ஃபுட்போல்காரன் என்று சொன்னதும் அவர் கண்ணில் வேறு வெளிச்சம் வந்தது. ரீவியில் சனிக்கிழமை காட்டுகிற, காலால் உதைக்கிற கோடீஸ்வரர்களைத்தான் அவர் நினைத்தார்.

"பிணை என்னத்துக்கு, பஸ்தியாம்பிள்ளை அண்ணை? அவன் ஒருநாள் கால் சுளுக்கிப் படுத்தாலும் வாற சம்பளத்தில உங்கட சீட்டு முழுக்கக் கட்டுப்படும்" என்றார்.

நான் திருத்தவில்லை. காசு தேவைப்பட்ட நேரத்தில் ஆரும் அதைத் திருத்தமாட்டார்கள். கழிவு போக எனக்குக் கிடைத்தது ஏழாயிரத்து இருநூற்று நாற்பது. அப்படியே கனடாவுக்குப் போனது. நான் கட்டவேண்டியது அதைவிடக் கூட. கூடினதை ஜெஸ்ரினிடம் கேட்பதில்லை என்று நானே முடிவெடுத்தேன். அதை என் மனைவி கிளறிற்றா மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டுவாள்.

அடுத்த மே மாதம் ஒரு அணி அவனை எடுத்தது. ஸ்காபரோவில் நன்றிப் பூசை வைத்தார்கள். இங்கே எங்கள் தேவாலயப் பங்கில் பிலோமினம்மா வந்து, எங்களூர்க் கோயில் திருநாளுக்கு ஒலிபெருக்கி வாங்க மருமகனிடம் சொல்லச் சொன்னா. சற்குணத்தார் கடையில் எனக்கு ஒரு கிழமை மீன் இலவசமாகத் தந்தார். ஆனால் ஜெஸ்ரின் மூன்றாவது குவாட்டர்பாக். முதலாமவன் விளையாடுவான். இரண்டாமவன் முதலாமவன் விழுவதற்குக் காத்திருப்பான். மூன்றாமவன் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்று, உள்ளே நிற்கிறவர்களுக்குக் கையால் சைகை காட்டுவான். உதைக்கிறவன் உதைக்க வரும்போது பந்தை நிலத்தில் நிறுத்திப் பிடிப்பதும் அவன் வேலை. சம்பளம் கிழமைக் கணக்கு, விளையாட்டு நடக்கிற மாதங்களுக்கு மட்டும். யூனிவர்சிற்றிக் கடனும் வாடகையும் போக அவன் எனக்கு அந்த வருடம் அனுப்பினது ஆயிரத்து நூறு பவுண். அந்த வருடம் முழுக்க அவன் எறிந்தது ஏழு பந்து. மூன்று பிடிபட்டது.

இரண்டாம் வருடம் ஜூனில் அவனை வெட்டினார்கள். வெட்டு என்றால் இப்படித்தானாம்: காலையில் சாப்பிடப் போகிற வழியில் ஒருவன் வந்து, ஐபாட்டையும் எடுத்துக்கொண்டு மேலே வா என்பான். அணியின் திட்டமெல்லாம் அந்த ஐபாட்டில் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது. ஓகஸ்டில் இன்னொரு அணி பயிற்சிக்கு மட்டும் எடுத்து, செப்டெம்பரில் அதுவும் ஐபாட்டைக் கேட்டது. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நாள்கூலிக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியில் இருந்த காலத்தில் காலை ஐந்தரைக்குப் போன் அடிக்காவிட்டால் எனக்கும் அப்படித்தான். ஐபாட் மட்டும்தான் இல்லை.

ஒக்ரோபரில் ஜெஸ்ரின் லண்டனுக்கு வந்தான். கனடாப் பெடியன்கள் இங்கே வந்து வேலை செய்ய ஒரு விசா இருக்கிறது. கிழக்கு லண்டனில் இதே விளையாட்டைச் சும்மா விளையாடுகிற ஒரு அணி, காசு தராது, ஆனால் எறிகிற கையைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்கலாம் என்று கூப்பிட்டது. ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் அவன் தங்கினான். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு கிடப்பான். வந்த அன்றைக்கே, வேலை எடுத்துத் தாங்கோ மாமா, கடனைக் கழித்துவிட்டுத்தான் திரும்பிப் போவேன் என்றான்.

வேலை எடுத்துக் கொடுத்தவன் நான். என்ன வேலை கேட்டு எடுத்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லவேண்டும்.

என் சைற்றில் பழைய கார்ப்பார்க் ஒன்றை இடிக்கிறோம். சுபாஸ்கரன் என்ற பெடியன் பிரான்சிலிருந்து வந்து அதில் ஒரு பங்கைக் கொன்ராக்ற் எடுத்திருக்கிறான். தூக்குகிற, கூட்டுகிற வேலைக்கு ஒரு சம்பளம். கொங்கிறீற்றை உடைக்கிற மெஷினைப் பிறேக்கர் என்போம். அதைப் பிடிக்கிறவனுக்கு நாளுக்கு இருபத்தைந்து பவுண் கூட. பதினொரு வருடம் அதைப் பிடித்தவன் நான். அந்த மெஷின் உடம்பை உலுக்குகிறது வெளியே தெரியும். விரலுக்குள் செய்வது தெரியாது. எனக்கு இப்போது குளிரில் எட்டு விரல் வெள்ளையாகும். சட்டைப் பொத்தானைக் கிளறிற்றா பூட்டிவிடுவாள். ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம்தான் பிடிக்கலாம் என்று பேப்பர் ஒன்று இருக்கிறது. பேப்பரில் நிமிடக் கணக்கில் கையெழுத்து வைப்போம். மெஷினை மணிக்கணக்கில் பிடிப்போம்.

ஜெஸ்ரின் இருபத்தைந்து வயது, கதவளவு தோள். மெஷினை அவனிடம் கொடு, எனக்குக் கூட்டுகிற தும்புத்தடியைத் தா என்று நான்தான் சுபாஸ்கரனிடம் கேட்டேன். அவனுக்குச் சம்பளம் கூடும், எனக்குக் கடன் கெதியாக வரும், என் கைக்கும் ஓய்வு. மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக வந்ததால் நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கிழமைக்கு இருநூறு தந்தான். வெள்ளிக்கிழமை சம்பளம். ஞாயிறு பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மேசையில் வைப்பான். ஒருமுறைகூடத் தவறவில்லை. தேநீர் நேரத்தில், உடைத்த பிளாஸ்ரர் போட்டில் மார்க்கரால் வட்டமும் புள்ளடியும் கீறி, இவன் இப்படி ஓடுவான், அவன் மறிப்பான், நான் இங்கே எறிவேன் என்று காட்டுவான். நாற்பத்திரண்டு வயதில் கோயில் பங்கின் சனிக்கிழமை வகுப்பில் நான் எழுத்துப் பழகினபோது என் கொப்பியும் இப்படித்தான் இருந்தது. சுபாஸ்கரன் எட்டிப் பார்த்துவிட்டு, "கனடாவில கோல் அடிக்கேலாதவர் இஞ்ச வந்து சுவருக்கு அடிக்கிறார்" என்பான். ஜெஸ்ரின் சிரித்துக்கொண்டு எழும்பி, மெஷினைப் பிடிக்கப் போவான்.

பெப்ரவரியில் மேற்குக் கனடாவில் ஒரு அணியிலிருந்து ஈமெயில் வந்தது. மே நடுவில் பயிற்சி முகாமுக்கு வா, சேர்ப்போம் என்று உறுதியில்லை, வந்து எறிந்து காட்டு. மேசையில் இருந்து எங்களுக்கு அதைத் தமிழில் சொன்னான். இது மூன்றாவது தரம், கனடா விளையாட்டில் மூன்று தரம்தான் என்று சிரித்தான். நாலாவது அணி கூப்பிடாது என்பது அவனுக்குத் தெரியும்.

அதே மாதம் கிளறிற்றா எனக்கு ஒரு வேலை பார்த்தாள். அவள் சமையலறையில் வேலை செய்கிற பாடசாலையில் பராமரிப்பாளருக்கு உதவி ஆள் தேவைப்பட்டது. கதவு திறக்கிறது, கதிரை அடுக்குகிறது, விளையாட்டுத் திடலில் இலை கூட்டுகிறது. உயிர்த்த ஞாயிறு விடுமுறை முடிய வரச் சொன்னார்கள். சம்பளம் சைற்றில் பாதி. வாடகைக்குக் காணும், சீட்டுக்குக் காணாது. ஆனால் ஜெஸ்ரின் மே மாதம் வரை கிழமைக்கு இருநூறு தந்து முடித்தால் மிச்சச் சீட்டை அதால் கட்டலாம். நான் ஐம்பத்தொன்பது வயதில் சைற்றை விட்டு வெளியே வரலாம். கிளறிற்றா கலண்டரில் அந்தத் திங்கட்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள். நானும் காலையில் சப்பாத்துக் கட்டும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

மார்ச் நடுவில், தவக்காலத்து ஞாயிறு ஒன்று. ஜெஸ்ரினின் லண்டன் அணிக்கு அன்று முதல் ஆட்டம், போட்டி தொடங்க முதல் சும்மா பழகிப் பார்க்கிற ஆட்டம். பூசைக்கு வராமல் விடியவே போய்விட்டான். வீட்டுத் திறப்பை, சாவியைத்தான் சொல்கிறேன், மறந்து விட்டுப் போயிருந்தான். கிளறிற்றாவுக்கும் எனக்கும் பூசை முடிய நோர்பரியில் ஒரு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. திறப்பைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நான் ஆட்டம் நடக்கிற வான்ஸ்டெட் வெளிக்கு நடந்தேன்.

வடக்குக் காற்று. நூறு பேர்கூட இல்லை. பெரிய தோள்கட்டும் ஹெல்மெற்றும் போட்ட ஆட்கள் மோதினால் கதவு அடிபடுகிற சத்தம். நான் இதற்கு முன் அவன் விளையாடி நேரில் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாததால் அவனையே பார்த்தேன்.

பந்து பின்னால் வந்தது, கையில் வாங்கினான், நழுவியது. விழுந்து பிடித்தான். அடுத்தது எறிந்தான். பந்து சுழன்று நேரே போகவேண்டும். இது கழுத்து முறிந்த கோழி மாதிரித் துடித்துக்கொண்டு, ஆளில்லாத புல்லில் போய் விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர், சம்பள அணியில் இருந்தவனாம், பார் என்று நக்கலாகச் சொன்னார். குளிர்தான் காரணம் என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு ஆட்டம் விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் எறிந்தபிறகு அவன் செய்தது விளங்கியது. வலது கையை உதறினான். கமக்கட்டுக்குள் வைத்தான். எடுத்து, விரலைப் பார்த்தான். பிறகு மற்றவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்தான். அந்த ஒழுங்கு எனக்குப் பாடம். நான் அதைப் பதினொரு வருடமாகச் செய்கிறேன்.

இடைவேளையில் ஓரத்துக்கு வந்தான். ஹெல்மெற்றைக் கழற்றி, நீங்களும் இன்றைக்குத்தானா வரவேண்டும் மாமா என்று சிரித்தான். திறப்பை அவன் வலது கையில் வைத்தேன். விரலை மடக்கினான். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று திரும்பி நடந்தான்.

திறப்பு புல்லில் கிடந்தது.

அவன் மூடின கையோடு போய்க்கொண்டிருந்தான். கைக்குள் திறப்பு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு போனான். நான் கூப்பிட்டேன். திரும்பினான். நிலத்தில் கிடந்ததைப் பார்த்தான், கையை விரித்துப் பார்த்தான். சுட்டு விரலும் நடுவிரலும் இரண்டாம் கணு வரை மெழுகுதிரி நிறம்.

"எப்ப தொட்டு இப்பிடி?" என்று கேட்டேன்.

"குளிர், மாமா."

"எப்ப தொட்டு எண்டு கேட்டனான்."

"ஜனவரி." விரலை மடக்கி விரித்துக்கொண்டு, "மத்தியானம் சரியாயிடும். காலமையிலதான். பந்தில ஒரு தையல் இருக்கு, அதை விரல்தான் தேடிப் பிடிக்கவேணும். பாத்துப் பிடிக்க நேரமில்லை. இப்ப அது கொஞ்சம்... I can't find it. மே மாதம் வெயில் வந்திடும்தானே."

மே மாதம் வெயில் வரும். வெயிலில் எனக்கும் சரியாகத்தான் இருந்தது, முதல் இரண்டு வருடம். தொடக்கத்திலேயே மெஷினை விட்டிருந்தால் திரும்பியிருக்கும் என்று டொக்டர் எனக்குச் சொன்னார், பதினோராம் வருடத்தில். நான் திறப்பை எடுத்து அவன் இடது கையில் வைத்துவிட்டு வந்தேன். நோர்பரியில் சாப்பாடு போட்டார்கள். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. போகும்போதும் வரும்போதும் ரயிலில் ஒரே கணக்கைத்தான் போட்டேன். மிச்சம் ஆயிரத்து எழுநூற்று நாற்பது. கிழமைக்கு இருநூறென்றால் ஒன்பது கிழமை. முகாமுக்கும் ஒன்பது கிழமை. என் காசின் கடைசிச் சதமும் அவன் விரலின் கடைசி உணர்வும் ஒரே நாளில் முடியும்.

திங்கள் காலை ஏழு மணிக்குச் சுபாஸ்கரனிடம் போனேன். பெடியனை மெஷினிலிருந்து எடு என்றேன். மெஷினுக்குத்தான் ஆள் வேண்டும், கூட்டுவதற்கு அண்ணை நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள் என்றான். அது நியாயம்தான். எடுத்துக் கூட்ட விட்டாலும் ஜெஸ்ரின் நிற்கமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். கூட்டுகிற சம்பளத்தில் கிழமைக்கு இருநூறு வராது. வராவிட்டால் வேறு சைற்றில் போய் வேறு மெஷினைப் பிடிப்பான். கடன் இருக்கும் வரை அந்தக் கை ஏதாவதொரு மெஷினில்தான் இருக்கும்.

"அப்ப நிப்பாட்டு. இண்டைக்கே" என்றேன்.

"பகிடி விடாதைங்கோ, பஸ்தி அண்ணை. மெஷினை ஆர் பிடிக்கிறது?"

"நான்."

என் கையை ஒருமுறை பார்த்தான். நல்ல பெடியன்தான், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாம் தளம் முடியவேண்டும். சரி என்றான். ஜெஸ்ரினுக்கு நீங்களே சொல்லுங்கோ என்று போய்விட்டான்.

அவன் தேநீர்க் கொட்டிலுக்கு முன்னால் கையுறை போட்டுக்கொண்டிருந்தான். ஹெல்மெற்றையும் சைற் பாஸையும் தா, உனக்கு இங்கே வேலை இல்லை என்றேன். நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நின்றால் சொல்லமாட்டேன் என்று பயந்து அப்படிச் சொன்னேன். அவனுக்கு அது ஏற்கெனவே இரண்டு தரம் கேட்ட பேச்சு. ஹெல்மெற்றைக் கழற்றி, உள்ளே இருந்த வியர்வைத் துணியைக்கூட எடுத்து மடித்து, பாஸோடு சேர்த்து என் கையில் தந்துவிட்டுப் படலையால் வெளியே போனான்.

அன்று முழுக்க நான் மெஷின் பிடித்தேன். ஐந்து மாத ஓய்வுக்குப் பிறகு அது முதல் நாள் பிடித்த மாதிரி இருந்தது.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அவன் குசினி மேசையில் இருந்தான். கிளறிற்றா அடுப்பருகில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவன் எல்லாம் சொல்லிவிட்டான் என்பது அந்த முதுகில் தெரிந்தது. மேசையில் இருநூறு பவுண் இருந்தது. போன வெள்ளிச் சம்பளத்தில், ஞாயிறு ஆட்டத்தால் தராமல் விட்டது.

"ரெண்டு ரீம் என்னைக் கட் பண்ணினது மாமா. நீங்கள் மூண்டாவது" என்றான். "அவங்கள் ஏன் எண்டாவது சொன்னவங்கள்."

ஏன் என்று சொன்னேன். என் கையை மேசையில் விரித்து வைத்து, எந்த விரல் எந்த வருடம் போனது என்று சொன்னேன். மெஷினை உன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டவன் நான்தான் என்றும் சொன்னேன். அது அவனுக்குத் தெரியாது. சுபாஸ்கரன் கொடுத்தான் என்றுதான் நினைத்திருந்தான்.

பிறகு, பக்கத்து ஊர் பார்க்கிங்கில் ஒரு ஏஜென்சி உடைக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறதாம், நாளைக்கே போகிறேன், ஒன்பது கிழமைதானே என்றான். கடனோடு போய் முகாமில் நின்றால் எறியும்போது அதுதான் மண்டையில் நிற்கும் என்றான்.

"கடன் இருந்தாத்தானே போவாய்" என்றேன். "கடன் இல்லை."

"ஆயிரத்து எழுநூற்று நாற்பது இருக்கு."

"எவ்வளவு எண்டு எனக்குத் தெரியும். இல்லை எண்டு சொல்லுறன்."

"உங்களுக்கு நான் பிச்சைக்காரனே?"

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். எனக்கும் கோபம் வந்தது. உடம்பு முழுக்க அந்த மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கத்துவதற்குத் தெம்பு இல்லை. இருந்த இடத்திலேயே சொன்னேன்: "நான் உனக்குத் தந்தது எறியிறதுக்கு. உடைக்கிறதுக்கு இல்லை. உன்ர கை போனா ஏழாயிரத்து இருநூற்று நாற்பதும் போச்சு. இப்ப ஆயிரத்து எழுநூற்று நாற்பதுதான் போகுது. எது லாபம் எண்டு நீயே சொல்லு. யூனிவர்சிற்றி படிச்சனி."

கிளறிற்றா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அப்ப நாளைக்குப் பள்ளிக்கூடத்தில நான் என்ன சொல்ல?"

"வரேலாதாம் எண்டு சொல்லு."

"சீட்டு முடியிற மட்டும் அந்த மெஷினோ?"

"டிசம்பர் மட்டும்."

"டிசம்பருக்கு உங்களுக்கு அறுபது."

"ஓம்."

இதைக் கேட்ட பிறகுதான் ஜெஸ்ரினுக்கு விளங்கியது. பாடசாலை வேலையைப் பற்றி அவனுக்குத் தெரியும், கலண்டர் வட்டத்தையும் பார்த்திருக்கிறான். அது தன் கிழமைக் காசில் நிற்கிறது என்று அவன் அதுவரை சேர்த்துப் பார்க்கவில்லை. மாமி என்று ஏதோ சொல்லத் தொடங்கினான். ஆங்கிலத்தில் இரண்டு சொல் வந்து நின்றது. திரும்பவும் கதிரையில் இருந்தான். வலது கையை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தான்.

கிளறிற்றா என்னோடு கோபம் என்றால் சட்டி சத்தம் போடும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. மூன்று கோப்பையில் சோறு போட்டாள், மீன் குழம்பு விட்டாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு மேசையில் கிடந்த காசை எடுத்து எண்ணினாள். இரண்டு இருபது பவுண் தாளை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"இது சாப்பாட்டுக்கு. ஒன்பது கிழமை சும்மா இருந்து திண்டா மாமி சமைக்கமாட்டன்" என்றாள். "கிழமைக்கு நாற்பது. கடையில நிண்டு உழை, நூலகத்தில புத்தகம் அடுக்கு, என்னவும் செய். நடுங்கிற சாமான் ஒண்டும் தொடக்கூடாது."

மிச்சம் நூற்றி அறுபதையும் மடித்து, கதவில் தொங்கின அவன் ஜக்கற்றின் பைக்குள் செருகினாள். அவன் வேண்டாம் என்று எழும்பவில்லை. சாப்பிட்டோம். அந்த ஆயிரத்து எழுநூற்று நாற்பதை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.